மூக்கம்மாக்கா எடுத்து வைத்த குடுவை

அருப்புக்கோட்டை வெயிலைத் திட்டாத வாய் கிடையாது. காளீஸ்வரி மட்டும் திட்டமாட்டாள். அவள் பிழைப்பே அந்த வெயிலில்தான் ஓடியது.

வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், நாள் முழுக்கத் தறிச் சத்தம் என்று வளர்ந்தவள், திருச்சுழி ரோட்டில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அந்த ஆராய்ச்சியை அம்மா சௌடம்மாளுக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு தனிக்கதை. சுருக்கம் இதுதான். ஒரு திரவம். அதன் மூலக்கூறில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு சோடி ஹைட்ரஜனைச் சேர்த்து நிறுத்தினால், பச்சைப் புல் மணக்கும் சரக்கு கிடைக்கும். சென்ட் கம்பெனிக்காரர்கள் தேடுகிற சரக்கு. இன்னொரு சோடியும் சேர்ந்துவிட்டால் போச்சு, எண்ணெய்ப் பிசுக்கு வாடைதான் மிச்சம். இதை அடுப்புமில்லாமல் அழுத்தமுமில்லாமல், ஒரு சாம்பல் நிறப் பொடியை வினையூக்கியாகப் போட்டு, வெறும் வெயிலிலேயே முடித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வெயில் பட்டால் பொடி வேலை செய்யும். படாவிட்டால் சும்மா கிடக்கும்.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் மூன்று வருஷமாக வந்ததெல்லாம் பிசுக்கு வாடை. பொடியை மாற்றிப் பார்த்தாள், திரவத்தைக் கரைக்கிற சாராயத்தை மாற்றிப் பார்த்தாள், குலதெய்வத்துக்குத் தேங்காயும் உடைத்துப் பார்த்தாள். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. காலையில் கல்லூரி மொட்டைமாடியில் வைக்கும் குடுவையைப் பொழுது சாய்ந்த பிறகுதான் எடுப்பாள். வெயிலில் வைத்ததை வெயில் இருக்கும்போதே எடுக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கு உண்டு? நடுவில் திறந்தால் காற்றுப் புகுந்து கெட்டுவிடும் என்ற பயம் வேறு. சோதித்துச் சொல்லும் இயந்திரமோ மதுரையில். ஒரு தடவைக்கு ஒரு மாதிரிதான் அனுப்ப முடியும்.

அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பிருந்தா மேடம் தங்கமான மனுஷி. அவரே ஒருநாள் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் வரலைன்னா தலைப்பை மாத்திருவோம் காளீஸ்வரி. உன்னை இப்படியே விட்டுவைக்க எனக்கு மனசு கேக்கல." தலைப்பை மாற்றினால் மூன்று வருஷமும் ஆற்றில் கரைத்த புளி.

அந்தக் கடைசிக் குடுவையைச் சித்திரை மாதத்தில் ஒருநாள் மாடியில் வைத்துவிட்டு, வகுப்பெடுக்கக் கீழே போனாள். அதே மாடியில் விடுதிச் சமையல்காரி மூக்கம்மாள் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தாள். திருச்சுழிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரி. உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே வானம் கறுத்தது. மேகம் கூடினால் யார் வீட்டு வத்தல் என்று பார்க்காமல், கைக்கு எட்டியதையெல்லாம் அள்ளி உள்ளே போடுவது இந்தச் சீமை வழக்கம். மூக்கம்மாளும் மிளகாயை அள்ளினாள், யாரோ உலர்த்திய போர்வையை அள்ளினாள், குடுவையையும் எடுத்துப் போர்வையில் சுற்றி, ஜன்னலில்லாத அரிசி அறைக்குள் பத்திரமாக வைத்தாள். மழையா? ஒரு சொட்டு விழவில்லை. எங்கள் ஊர் மேகத்துக்குப் பயங்காட்டத்தான் தெரியும். மேகம் கலைந்ததும் மிளகாயைத் திரும்பப் பரப்பியவள், குடுவையை மறந்தே போனாள்.

காளீஸ்வரி மாடியேறியபோது பொழுது சாய்ந்திருந்தது. குடுவையைக் காணவில்லை. விஷயம் தெரிந்ததும் அவளுக்கு வந்ததே கோபம்!

"யாரக் கேட்டுக்கா எடுத்தீக?"

"மழ வரும்னு நெனச்சேன் தாயி. நனஞ்சு கெட்டுப்போச்சுன்னா?"

"மூடிக்கெடக்குற கண்ணாடிய மழ என்னக்கா செய்யும்? எம் மூணு வருசப் பாட்டையும் மிளகாயோட சேத்து அள்ளிட்டீகளே!"

மூக்கம்மாளின் முகம் சுண்டிப்போனது. "அறியாமச் செஞ்சிட்டேன் ஆத்தா" என்றவள், மனது கேட்காமல் டீயை ஆற்றிக்கொண்டு ஆய்வகத்துக்கே பின்னால் போனாள்.

காளீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரிசி அறையிலிருந்து எடுத்துவந்த குடுவையைத் திறந்து பொடியை வடிகட்டினாள். மறுநாள் மதுரைக்கு எதையாவது அனுப்பித்தானே ஆகவேண்டும். ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு, சாராய நெடி பறக்கட்டும் என்று வைத்தாள்.

டீயோடு வாசலில் நின்ற மூக்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "என்ன தாயி, இந்தக் கோடையில பச்சப்புல்லு அறுத்துப் போட்ட வாடை அடிக்குது?"

காளீஸ்வரி காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனாள். புல். அப்போதுதான் அறுத்த புல். பாதி வெயிலோடு குடுவை இருட்டுக்குள் போனதால், பொடி முதல் சோடியோடு வேலையை நிறுத்திவிட்டது. முழுநாள் வெயில் கொடுத்து நாமேதான் ஒவ்வொரு தடவையும் கெடுத்திருக்கிறோம் என்பது அந்த நிமிஷம் அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. மூக்கம்மாளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். டீ கொட்டிப்போனது.

மதுரை முடிவும் அதையே சொன்னது. பாதி வெயிலில் எடுத்து எடுத்து மறுபடி செய்து பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் புல் மணந்தது.

அடுத்த வருஷம் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. சபை நிறைந்த கூட்டம். கடைசி வரிசையில் சௌடம்மாளும், பக்கத்தில் புதுச்சேலை கட்டிய மூக்கம்மாளும். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார்: "இந்த நேரத்தில் நிறுத்தவேண்டும் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

அளந்து பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

"நான் கண்டுபிடிக்கலைங்க ஐயா. மழைக்குப் பயந்து எங்க மூக்கம்மாக்கா எடுத்து உள்ள வச்சாக. அதுக்கு அவுகளத் திட்டவும் செஞ்சேன்."

சபை சிரித்தது. மூக்கம்மாள் எழுந்தேவிட்டாள். "இன்னொருக்க மேகம் கூடுனாலும் நான் எடுக்கத்தான் தாயி செய்வேன்!"

காளீஸ்வரி மேடையிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். "எடுங்கக்கா. நீங்க எடுத்ததாலதான் நான் இங்க நிக்கேன்."