தொலைபேசியில் பேசிய அல்பிரட்

பாரிசில் நம்முடைய பிள்ளைகள் எல்லாரும் ஒரு காலத்தில் தகப்பனாக நடித்தவர்கள்தான். வங்கியோ மின்சாரக் கொம்பனியோ, சம்பந்தப்பட்ட ஆளோடுதான் கதைக்கும். தகப்பனுக்குப் பிரெஞ்சு விளங்கும், வாயில் வராது. பதினான்கு வயது மகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓம், நான்தான்" என்று பிரெஞ்சில் சொல்லி, தகப்பனின் பிறந்த திகதியை ஒப்புவிப்பான். லா சப்பலில் மரக்கறிக்கடையில் நிற்கும் மன்னார் அல்பிரட்டும் மகன் ஜெனிஸ்டனை அப்படித்தான் பழக்கினார். தன்னைவிட அவன் நல்ல அல்பிரட் என்று கடையில் பெருமையடித்த மனுசன் அவர்.

போன வருடம் நாக்கில் புற்று. பாதி நாக்கை எடுத்துவிட்டார்கள். தமிழ்ப் பூசையில் கணீரென்று வேத வாசகம் வாசித்தவர், தண்ணீர் கேட்டால்கூட மனைவி றெஜினா இரண்டு தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டாள்.

வெட்டிய இடத்தின் ஓரம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் டொக்டர் வெட்டி எடுத்த அந்த ஓரத் தசையை இன்னொரு சோதனைக்கு அனுப்பினார். அதில் ஒரு புரதம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. அப்படி இருந்தால் புற்று வருத்தம் திரும்பிவர வாய்ப்புக் கூட. இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் வந்து காட்டினால் முளையிலேயே பிடிக்கலாம் என்றார். அல்பிரட்டுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

பிறகு டொக்டரிடம் காட்டக் குறித்த மூன்று ரொந்தேவும் தள்ளிப்போயின. ஆஸ்பத்திரியில் ஆளில்லையாம் என்றான் ஜெனிஸ்டன். அல்பிரட் நம்பினார். பெற்ற பிள்ளையை நம்பாமல் பின்னே யாரை நம்புவதாம்?

மகளின் கலியாணம் சார்செலில் தடபுடலாக முடிந்த அடுத்த கிழமை, கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஒருவருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். மூன்று தரமும் அவரே தொலைபேசி எடுத்து வேண்டாம் என்றாராம். அவர் ஏதோ குழறி மறுக்க, அவள் குழம்பிப்போனாள்.

"தொலைபேசியில் தெளிவாகத்தானே பேசினீர்கள், முசியு?"

வீட்டில் அவர் கேட்க, றெஜினா அழுதழுது சொன்னாள். மாப்பிள்ளையின் தாய்க்கு அதே ஆஸ்பத்திரியில்தான் துப்புரவு வேலை. அல்பிரட்டுக்கு முழுச் சுகம் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருந்தார்கள். திரும்ப அவரை அங்கே கண்டால் பரம்பரை வருத்தம் என்று கலியாணத்தைக் குழப்பிவிடுவார்களாம். கலியாணம் முடியும்மட்டும் மகனைக் கொண்டு ரொந்தேவை நிறுத்திவைத்தாளாம்.

சீ! வெட்டி எடுத்த துண்டுத் தசை அல்பிரட்டுக்கு உண்மை சொன்னது. வீட்டில் இருந்த மனைவியும் மகனும் பொய் சொன்னார்கள்.

"என்ரை பேரிலை கதைச்சு என்னையே கொன்றுபோட்டியேடா" என்று மகனைப் பார்த்துக் குழறினார்.

அன்றைக்கு மட்டும் றெஜினா இரண்டாம் தரம் கேட்கவில்லை.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் அல்பிரட்டுக்கென்று பதிந்திருந்த ஜெனிஸ்டனின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. நேற்று டொக்டர் தடவிப்பார்த்த கட்டியிலிருந்து தசை எடுக்க நாள் குறிக்க வேண்டுமாம். மகன் பழக்கதோசத்தில் தொண்டையைச் செருமினான். அல்பிரட் போனைப் பறித்துப் பெயரைச் சொன்னார். விளங்கவில்லை என்றாள் அந்தப் பக்கம் இருந்தவள். பிறந்த திகதியைச் சொன்னார். அதுவும் விளங்கவில்லை. தயவுசெய்து முசியு அல்பிரட்டிடம் கொடுங்கள் என்றாள்.

மகன் கையை நீட்டினான். அல்பிரட் கொடுக்கவில்லை. முதலிலிருந்து, எழுத்தெழுத்தாக, தன் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.