நோர்அட்ரினலின் என்று தொடங்கிய இரண்டு வரிகள்

ஸ்டென்சில் அடிப்பவர்கள் அடிப்பதைப் படிப்பதில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தட்டச்சுப் பொறியின் ரிப்பனை ஒதுக்கிவிட்டு மெழுகுத் தாளில் வெறும் எழுத்தால் குத்துகிற வேலை அது. அடித்தது சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடும், புத்தி எங்கேயோ போயிருக்கும். எண்பதுகளில் மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தாதியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு அதுதான் உத்தியோகம். பிழையில்லாமல் அடிப்பேன் என்ற தலைக்கனமும் நிறையவே உண்டு.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வீட்டின் பின்னறையில் தனியாகக் குடியிருந்தேன். அம்மா முன்பே போய்விட்டாள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவும் மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டார். அந்தச் செய்தி என் மேசைத் தொலைபேசியில்தான் வந்தது. அதற்குப் பிறகு அது எப்போது மணியடித்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளங்கை நனைந்துவிடும், மூச்சு பாதியில் நிற்கும். எடுத்தால் காகிதக் கடைக்காரர் பேசுவார். எனக்கு இதய நோய்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

யாரிடம் சொல்வது? அண்ணன் ஆஸ்திரேலியாவிலிருந்து வருடத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவான், அதிலும் கையெழுத்து மட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமலே போய்விடும். திங்கள் காலை மினி பஸ்ஸில் இறங்கணும் என்று சொல்லும்போது குரல் கரகரக்கும். டாக்டரிடம் போகவும் பயம். இது நடந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதற்கு மருத்துவப் பரிசோதனை வைத்திருந்தார்கள். நெஞ்சில் கோளாறு என்று எழுதிவிட்டால் வேலை போகும், வேலை போனால் அறையும் போகும். அப்புறம் எங்கே போவது?

அங்கே பாடம் எடுக்க கிள்ளானிலிருந்து ஒரு டாக்டர் வருவார். என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பயம், பதற்றம் பற்றிய அவருடைய பாடக்குறிப்பை ஒரு நாள் காலையில் அடித்து, தாளை மை உருளையில் மாட்டி எண்பது பிரதி உருட்டி, கொடுத்துவிட்டேன். மதியம் ஒரு பிரதியோடு வந்து நின்றார். நடுவில் சில வரிகளைக் காணோம் என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நானாவது, விடுவதாவது! அவருடைய கையெழுத்துப் பிரதியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். சில வரி இடைவெளியில் இரண்டு வரிகள் நோர்அட்ரினலின் என்ற ஒரே சொல்லில் தொடங்கியிருந்தன. முதல் வரியில் இருந்தபோது தொலைபேசி அடித்திருக்கிறது. திரும்பி வந்த கண் இரண்டாவதில் போய் உட்கார்ந்துவிட்டது. கற்றுக்குட்டித் தட்டச்சர் செய்கிற பிழை. அதற்காக எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறேன்! முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பரவாயில்லை, விட்டதை வாசியுங்கள், இங்கே குறித்துக்கொள்கிறேன் என்றார். ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்தேன். மூளையில் சுரக்கும் இந்த ரசாயனம், ஆபத்து வரும்போது உடம்பை உசுப்பி நெஞ்சை வேகமாக அடிக்க வைக்கிறது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு, ஆபத்தே இல்லாதபோதும், ஒரு சின்னச் சத்தத்துக்கே இது பொங்கிவிடுகிறது. இதய நோய் என்று நோயாளி பயப்படலாம். பரிசோதித்து, அது இல்லையென்றால் இல்லையென்று சொல்ல வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு. வீட்டில் யாரிடம் சொல்லியிருக்கிறார் என்றும் தாதி கேட்க வேண்டும்.

கடைசி வரியை என்னால் முடிக்க முடியவில்லை. அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு இப்படி இருக்கா?"

தலையாட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாளைக்கே இதயத்தைப் படமெடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். வேலையைப் பற்றிக் கேட்டேன். "இதுக்கெல்லாம் வேலை போகாதுலா" என்றார். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. நன்றி சொல்லி, புது மெழுகுத் தாள் எடுக்க எழுந்திருக்கப் போனேன்.

"வீட்ல யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"வீட்ல யாரும் இல்ல டாக்டர். அப்பா செத்துட்டாரு."

மூன்று வருடத்தில் அதை நான் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னதும், அப்பா அப்போதுதான் போனது போல, அலுவலகமே திரும்பிப் பார்க்க அழுதேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.