பட்டை உரிக்காத சவுக்குக் கால்கள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. முடிவு எடுக்கவேண்டிய விஷயம் ஒண்ணு மனசுல உக்காந்துட்டா கை சும்மா இருக்காது. திண்டிவனத்துல எங்க வீட்டுக்கும் என் ஓரகத்தி வீட்டுக்கும் நடுவுல இருந்த வேலி சாய ஆரம்பிச்சப்போ, ஒரு நாளைக்குப் பத்து தடவை போய் அந்தக் கால்களை ஆட்டிப் பாத்துக்கினு இருந்தேன். காப்பி போட்டுட்டு ஒரு ஆட்டு, துணி ஊறவச்சுட்டு ஒரு ஆட்டு. ஆட்ட ஆட்ட அடிமண்ணு பொலபொலன்னு விட்டுச்சு. அது தெரிஞ்சும் கை நிக்கல.

ஓரகத்தின்னா என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. அக்கான்னுதான் கூப்பிடுவேன். மூணு வருஷத்துக்கு முன்ன, மோட்டார் தண்ணி யாருக்கு எப்பங்கற சண்டையில, பொதுவா இருந்த வாசல்ல ஒரே நாள்ல வேலி போட்டோம். ஒம்போது சவுக்குக் கால், நடுவுல முள்ளுக்கம்பி. சவுக்கைப் பட்டை உரிச்சு, காயவச்சு, அடியில தார் பூசித்தான் நடணும். இந்தப் பக்கத்துல அது யாருக்குத்தான் தெரியாது? அன்னிக்கு இருந்த கோவத்துல பச்சைக் கட்டையைப் பட்டையோட அப்படியே எறக்கினோம். கரையானுக்கு விருந்து வச்ச மாதிரி ஆச்சு. அன்னியிலேர்ந்து அக்காவோட பேச்சும் இல்ல.

கண்டாச்சிபுரத்துலேர்ந்து கல்லுக்கால் நடுற ஆளு வந்து அளந்துட்டுப் போனாரு. மரத்துக்கு முட்டு குடுத்தா ரெண்டு மழை தாங்கும், கல்லு நட்டா உங்க ஆயுசுக்கும் அசையாதுங்கன்னாரு. நியாயந்தான். ஆனா அந்த ‘ஆயுசுக்கும்’தான் எனக்கு உறுத்திச்சு. மரம்னா என்னைக்காவது பிடுங்கிப் போட்டுட்டு அந்தப் பக்கம் போயிடலாம்னு மனசுல ஒரு மூலையில இருந்துது. கல்லு நட்டுட்டா அதோட அக்கா எனக்கு இல்ல. அவ்வளவுதான் விஷயம். அதை வெளியில சொல்லத்தான் எனக்கு வாய் வரல.

விழுப்புரத்துல டூட்டியில இருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எதையாவது பண்ணித் தொலை, பேஜார் பண்ணாதேன்னு வச்சுட்டாரு. அண்ணன் அவரோட அண்ணன், முடிவு மட்டும் என் தலையில.

இதுல அக்கா வேற என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கினாங்க. அவங்க பக்கத்து வேப்ப மரத்துலேர்ந்து வேலியோட நடுக்கால் வரைக்கும் ஒரு நைலான் கயிறு கட்டி, தினம் ஈரத்துணி போடறாங்க. மழைக்காலத்துலேர்ந்து இதே கூத்து. அந்தக் கனத்துலதான் காலே ஆட்டம் கண்டுச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். வேணும்னேதான் பண்றாங்கன்னும் முடிவு பண்ணிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில கல்லு ஆளு போன் பண்ணி, வண்டியில ஏத்திடட்டுமான்னு கேட்டாரு. ஒரு மணி நேரத்துல சொல்றேன்னு வச்சுட்டு வேலிகிட்ட போனேன். கயித்துல ஒரு கனத்த புடவை, தண்ணி சொட்டிக்கினு இருந்துது. எனக்கு என்ன வந்துதோ, உள்ள போய் அருவாளை எடுத்தாந்து ஒரே வெட்டு.

கால் சாய்ஞ்சிருந்தது என் பக்கமா. கயிறு இழுத்துக்கினு இருந்தது அவங்க பக்கமா. அதை நின்னு யோசிக்கற பொறுமை எனக்கு ஏது? நடுக்கால் மடக்குனு அடியோட முறிஞ்சு, பக்கத்துக் கால் ரெண்டையும் கம்பியோட இழுத்துக்கினு வேலியோரம் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டர் மேல விழுந்துது. கண்ணாடி ஒண்ணு தெறிச்சுது. புடவை கம்பியில மாட்டி சேத்துல கெடந்துது.

அக்கா சோப்பு நுரைக் கையோட வெளிய வந்தாங்க. மூணு வருஷத்துல மொத தடவையா என்கிட்ட பேசினாங்க.

“எதுக்கும்மா அறுத்த? அந்தக் கயித்துலதான் அது நின்னுக்கினு இருந்துது.”

அவங்களே சொன்னாங்க.

“மழையில உன் வண்டி மேல சாயறாப்பல இருந்துது, இழுத்துக் கட்டினேன். சும்மா கட்டினா நீ அவுத்து எறிஞ்சிருப்ப. துணி போட்டா திட்டறதோட விட்டுடுவ.”

சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. கோவமாக் கூட இல்ல, அதுதான் என்னை அடிச்சுது. எத்தனை காலையில அந்தத் துணியைப் பாத்து வாய்க்குள்ளயே திட்டியிருப்பேன்! கூசிப்போய் அங்கியே நின்னேன்.

போன் அடிச்சுது. கல்லு வேணாங்கன்னேன். அப்ப என்ன பண்ணப் போறீங்கன்னாரு. தெரியலங்க, இப்ப வேணாம்னு வச்சுட்டேன்.

புடவையை எடுத்து எங்க குழாயடியில அலசினேன். சேறு போக மூணு தண்ணி ஆச்சு. பிழிஞ்சு தோள்ல போட்டுக்கினு, விழுந்து கெடந்த கம்பியைத் தாண்டி அவங்க வாசல்ல போய் நின்னேன். முதுகெல்லாம் நனைஞ்சுபோச்சு. திரும்பிடலாமான்னு ரெண்டு தடவை தோணுச்சு.

“அக்கா, வேற கயிறு இருக்குதா?”ன்னேன்.