உளவாளி ஒளிந்திருந்த சமையலறை

1. ஓர் உளவு நாவலை நாங்கள் சண்டை வீடியோ கேமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். உளவாளி எதிரியின் சமையலறையில் விடியும்வரை ஒளிந்திருக்கும் இடத்தை, ஒரு குண்டுகூட வெடிக்காத லெவலாக அமைத்திருந்தேன்.
2. இன்று காலை பெங்களூரிலிருந்து டீம் லீடர் போன் செய்தார். “எவன்ங்க சும்மா ஒளிஞ்சிட்டே இருப்பான்? கையில துப்பாக்கியக் குடுங்க” என்றார்.
3. போனை வைத்தபோது, காரிமங்கலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் புளி தட்டத் தொடங்கினார்கள்.

அந்தச் சத்தத்தில் எங்கள் பழைய வாசல் நினைவுக்கு வந்தது. அம்மாவும் எதிர்வீட்டு ராணி அத்தையும் வெயிலில் காய்ந்த புளியைக் கட்டையால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். சின்னம்மா டெல்லியில் நடக்கும் ஓர் உளவு நாவலைச் சத்தமாக வாசிப்பாள். பக்கங்களெல்லாம் புளி ஒட்டிப் பிசுபிசுக்கும். துப்பாக்கிச் சண்டை வந்தால் அம்மாவுக்குப் பொறுமை இருக்காது.

“அடிதடிய தள்ளிவுட்டுட்டுப் படி. அவன் மாட்டுனானா இல்லியா, அதச் சொல்லு.”

உளவாளி எங்காவது ஒளிந்தால் ராணி அத்தை கட்டையைக் கீழே வைத்துவிடுவார்.

“தட்டாதீங்க அண்ணி, அந்தப் பாவிங்களுக்குக் கேட்டுறப் போவுது.”

“ஆமா, இங்க தட்டறது டெல்லிக்குக் கேக்குதாக்கும்” என்பாள் அம்மா. ஆனால் அவள் கையும் நின்றிருக்கும். அவன் தப்பும்வரை வாசலில் ஒரு சத்தமும் இருக்காது.

மதியம் இதை லீடரிடம் சொல்லிப் பார்த்தேன். “அவங்கள்லாம் நம்ம கேம வாங்க மாட்டாங்க மேடம்” என்று சிரித்தார். அது உண்மைதான். மேலும் வாதாட எனக்குத் தெம்பில்லை.

இப்போது அந்தச் சமையலறைக்குள் ஆட்கள் சுட்டுக்கொண்டே நுழைகிறார்கள். ஒளிந்துகொள்ள இருந்த இடத்தை எடுத்துவிட்டேன். லெவல் பிழையில்லாமல் ஓடுகிறது. நாளை அனுப்பிவிடுவேன்.