சித்தி மேல் ஒரு பிராது

கொலை செய்யும் முறை எனக்கு வந்தபோது, நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பொம்மை அச்சுக்குள் களிமண் கரைசல் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் முதல் செல்போனை வாங்கி, யாரும் கூப்பிடாமலே அதைக் காதில் வைத்துக்கொண்டு திரிந்த வருஷம்.

சிரிக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் இதெல்லாம் முறை வைத்துத்தான் வரும். வரப்புத் தகராறில் என் தாத்தா பக்கத்து வயல்காரர் வீட்டில் ஒருவரை வெட்டினார். பல வருஷம் கழித்து அவர்கள் என் சித்தப்பாவை வெட்டினார்கள். வெட்டியவர் ஜெயிலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பக்கம் அரிவாள் தூக்கும் வயசில் மிச்சம் அவர் மகன், இந்தப் பக்கம் நான். என் கையில் அரிவாளைக் கொடுத்தால் இளநீரே மூன்றாவது வெட்டில்தான் திறக்கும்.

சித்தப்பா போனதிலிருந்து சித்தி எங்கள் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடம் பக்கம் ஊருக்குப் போனால் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார்.

"ஒடம்புல ரத்தம் ஓடுதா, இல்ல ஒங்க பட்டறை மண்ணுத்தண்ணி ஓடுதாடா?"

கறிக்குழம்பு அருமையாக இருக்கும். தொண்டையில்தான் இறங்காது.

அந்த மகன் விருத்தாசலத்தில் ஆட்டோ ஓட்டினான். பாலக்கரையில் அவனைப் பார்த்துவிட்டு நான் நுழையும் சந்திலேயே, என்னைப் பார்த்துவிட்டு அவனும் ஆட்டோவைத் திருப்பியிருப்பான்.

ஒரு நாள் சித்தி, ஆடி முடிவதற்குள் என்று கெடு வைத்துவிட்டார். எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. மணவாளநல்லூர் முருகன். குறையைத் தாளில் எழுதிக் கோயில் வேலில் கட்டினால் அது பிராது. கட்டியபின் மூன்று மாதத்துக்கு வழக்கு அவருடையது, நாம் கை வைக்கக் கூடாது. சாமி விஷயத்தில் சித்தி மீற மாட்டார்.

கோயிலில் எழுத உட்கார்ந்தேன். யார் மேல் எழுதுவது? வெட்டியவர் செத்துவிட்டார். மகன் என்னை ஒன்றும் செய்யவில்லை. மண்டையைச் சொறிந்து கடைசியில் எழுதினேன்: 'முருகா, எங்க சித்தி என்னைக் கொலை பண்ணச் சொல்லுது. நீதான் கேட்கணும்.'

"அண்ணே, பேனாவக் கொஞ்சம் குடுங்க."

நிமிர்ந்தால் ஆட்டோக்காரன். பேனாவுக்கு நீட்டிய அவன் கை அப்படியே நின்றது. சுற்றிலும் கூட்டம், ஓடவும் வழியில்லை.

"எம்மேலதான் எழுதுனீங்களா?" என்றான்.

தாளைக் கொடுத்தேன். படித்தவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான் பாருங்கள், குருக்கள் எட்டிப் பார்த்தார்.

"நீங்க வர்றதுக்குள்ள என்னை முந்திக்கச் சொல்றாருங்க எங்க பெரியப்பா. அவரு மேல கட்டத்தான் வந்தேன்."

அடக் கடவுளே! இவனைப் பார்த்தா இத்தனை நாள் பயந்தேன்? இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினோம். அவன் ஆட்டோவிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் வாசற்படியிலேயே நின்று சொல்லிவிட்டேன்.

"ஒம்மேல பிராது கட்டிட்டேன் சித்தி."

துடைப்பம் பறக்கும் என்றுதான் நினைத்தேன். சித்தி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் கேக்காம வுட்டா, அவர மறந்துட்டேன்னு ஊரு சொல்லுமேடா."

சொல்லும்போதே உடைந்து அழுதார். சித்தப்பா செத்த அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அவரு எப்படிச் செத்தாருன்னுதான் இத்தினி வருஷமா சொல்ற. எப்படி இருந்தாருன்னு சொல்லேன் சித்தி."

மூக்கை முந்தானையில் துடைத்தார். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"ஒன்ன மாதிரிதான்டா. வூட்டுல கோழி அறுத்தாலே தெருவுக்கு ஓடிடுவாரு."