கேற்றில் விழுந்த முடிச்சு

எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில், பழைய சாரங்களுக்குக் கீழே, ஒரு சாண் நீளத் துருப்பிடித்த இரும்புக் கம்பி கிடக்கிறது. அதில் கரைவலைக் கயிறு ஒன்று முடிச்சிட்டபடி தொங்குகிறது. கயிற்றின் மறுமுனை அவசரத்தில் அறுத்தது, இழைகள் பிரிந்து நிற்கும். கொழும்புத்துறைக்குக் குடிவந்தபோது எத்தனையோ சாமான்களை எறிந்துவிட்டு வந்தோம். இதை எறிய மனம் வரவில்லை. "உதென்னத்துக்கு?" என்று மனைவி கேட்டாள். "கிடக்கட்டும்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

இந்தக் கம்பி என் மாமியினுடைய கதையில் வருவது. மாமி என்றால் அப்பாவின் தங்கை. இன்று தென்மராட்சியிலிருந்து தீவுப்பகுதி வரை எங்கே ஒரு போராட்டப் பந்தல் போட்டாலும் அவரைப் பாடக் கூப்பிடுகிறார்கள். நண்டு உடைக்கும் பெண்கள் கூலிக்காக வீதியில் இருந்தபோதும், காணி கேட்டுச் சனம் வேலியோரம் காத்திருந்தபோதும் அவர்தான் பாடினார். ஆனால் மாமி பாட்டுப் படித்தவர் இல்லை. எங்கள் கிழக்குக் கரையில் வலை இழுத்தவர். மாமாவுக்கு இடுப்பு விழுந்த பிறகு அவருடைய இடத்தில் போய்க் கயிற்றைப் பிடித்தார். இடம்பெயர்ந்து திரும்பியிருந்த காலம், ஆண்கள் குறைவு என்பதால் ஒருவரும் பெரிதாகத் தடுக்கவில்லை.

கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாட்டை எடுப்பார். மற்றவர்கள் "ஏலோ" என்று வாங்கிக்கொண்டு அந்த ஓசைக்கு ஓர் எட்டுப் பின்வைப்பார்கள். ஒருநாள் வலை பாதி தூரம் வந்திருக்கையில் பாட்டெடுக்கிற அண்ணைக்கு இருமல் பிடித்துவிட்டது. பாட்டு நின்றால் கால்கள் ஒன்றுக்கொன்று மாறிப்போகும், வலை சரியும். மாமி ஒருவரையும் கேட்காமல் பாட்டின் அடுத்த அடியை எடுத்தார். கரையில் நின்ற சம்மாட்டியார், அதாவது வலையின் சொந்தக்காரர், முகத்தைச் சுளித்தார்.

"பொம்பிளை பாடி வலை வருமோ?"

"வருகுதுதானே சம்மாட்டியார், பாருங்கோவன்" என்று இருமிக்கொண்டே சொன்னார் அந்த அண்ணை.

அதற்குப் பிறகு மாமிக்கு வாய் கட்டுப்படவில்லை. "பாரை மீன் உங்களுக்கு, பாசி மட்டும் எங்களுக்கு" என்று சம்மாட்டியாரின் காதுபடவே அடி கட்டுவார். இழுக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே இழுப்பார்கள். சம்மாட்டியாரும் மீன் நிறையப் பட்ட நாட்களில் சிரிப்பார்.

பிறகு ட்ரக்டர் வந்தது. கயிற்றை அதில் சுற்றிவிட்டால் நாற்பது பேர் செய்த வேலையை இரண்டு பேர் பார்த்துவிடலாம். ட்ரக்டருக்குப் பாட்டும் தேவையில்லை. கரையில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. நான் அப்போது ட்ரக்டரை நிறுத்தச் சொல்லிக் கடற்றொழிலாளர் சங்கத்துக் கடிதங்களை எழுதிக்கொண்டு, ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தேன். எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் வராததால், கடற்றொழில் அலுவலக வாசலில் போய் நிற்பதென்று முடிவாயிற்று. "வந்து ரெண்டு பாட்டுப் பாடுங்கோ மாமி, சனம் கலையாமல் நிக்கும்" என்று கூப்பிட்டவன் நான்தான்.

பதாகையை அலுவலக வாசலின் இரும்புக் கேற்றில் கட்டியவனும் நான்தான். கட்டுவதற்குக் கையில் அகப்பட்டது வலைக் கயிறு. வலைக் கயிற்றை வீணாக அறுக்கிற பழக்கம் எங்கள் கரையில் இல்லை. அதனால் மிச்சத்தை வீதியோரமாக நீளத்துக்குப் போட்டுவிட்டேன். முடிச்சும் வலை இழுக்கிறபோது போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். ஒரு துணியைத் தொங்கவிட அந்த முடிச்சு தேவையே இல்லை.

வெயில் ஏறியது. உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. சும்மா நின்ற சனத்தில் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து கயிற்றைக் கையில் எடுத்தார்கள். காலடியில் கயிறு கிடந்தால் எடுக்காமல் அவர்களால் நிற்க முடியாது. மாமி கேற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாதா பாட்டுப் பாடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் அம்பாவை எடுத்தார்.

ஏலோ என்றது சனம். ஓர் எட்டுப் பின்னால் போனது. கேற்று முனகிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆனால் பாட்டு நடக்கும்போது கயிற்றை விடுவது எங்கள் கரையில் பெரிய பிழை, ஒருவரும் விடவில்லை. மூன்றாவது ஏலோவுக்கு, உப்புக்காற்று தின்றிருந்த தூணோடு கேற்று சரிந்தது. கொளுக்கியைப் போட ஓடிவந்த அலுவலகக் காவலாளி வாச்சர் அண்ணையின் வலது பாதம் அதற்குக் கீழே அகப்பட்டது. அவர் கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது. ஆட்கள் கேற்றைத் தூக்கி அவரை எடுத்தார்கள். நான் செய்தது வேறு. கேற்றிலிருந்து முறிந்து விழுந்த கம்பியோடு முடிச்சை அறுத்து என் பைக்குள் வைத்தேன். வழக்கில் என் பெயர் வந்தால் நியமனம் போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

நீதிமன்றத்தில் மாமி நேராக நின்று சொன்னார்: "நான் பாடினன், அவங்கள் இழுத்தாங்கள். வேறை ஒருத்தருக்கும் இதிலை பங்கில்லை ஐயா." ஆறு நாள் உள்ளே இருந்தார். அந்தப் பருவம் முழுவதும் எங்கள் கரையில் ட்ரக்டர் இறங்கவில்லை. மாமியின் பெயர் கரை தாண்டிப் போனதும் அப்போதிலிருந்துதான். எந்த ஊருக்குப் பாடப் போனாலும், "இஞ்சை கயிறு ஏதும் கிடக்கோ?" என்று சுற்றிப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். சனம் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. நியமனம் கிடைத்தது, நான் ஊரை விட்டு வந்துவிட்டேன்.

போன கிழமை மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். சாவகச்சேரியில் பெண்கள் அமைப்பு ஒன்று அவரைக் கௌரவிக்கப் போகிறதாம், மாற்றிக் கட்ட ஒரு சேலை வேண்டுமாம். மனைவி அலுமாரியைத் திறந்து கீழ்த்தட்டைக் கிளறியபோது கம்பி வெளியே விழுந்தது. மாமி அதை எடுத்து மடியில் வைத்து முடிச்சைத் தடவினார்.

"இது உன்னட்டையே கிடந்தது?"

"ஓம் மாமி."

"அண்டைக்குக் கேற்றிலை இந்த முடிச்சைக் கண்ட உடனைதான் எனக்கு விளங்கினது, பெடியன் எல்லாம் யோசிச்சுத்தான் கட்டியிருக்கிறான் எண்டு. இல்லாட்டி நான் மாதா பாட்டுத்தானே பாட வந்தனான்." சிரித்தார். "உன்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதெண்டுதான் கோட்டிலை அப்பிடிச் சொன்னனான். வேணுமெண்டுதானே கட்டினனீ?"

 இத்தனை வருடமும் மாமியின் பாட்டால் கேற்று விழுந்தது என்று நான் நினைத்திருக்க, என் முடிச்சால் பாட்டு வந்தது என்று அவர் நினைத்திருக்கிறார். வேண்டுமென்றே கட்டினேன் என்றால், ஒரு மனிதனின் காலை முறித்தவன் நான். கைப்பழக்கத்தில் கட்டினேன் என்றால், இல்லாத ஒரு திட்டத்தை நம்பிச் சிறைக்குப் போனவர் மாமி. எது உண்மை என்று அந்தக் காலையை எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் என் கைகள் மட்டும்தான் தெரிகின்றன. மனதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்தேன். எழுபது வயது முகம். அவ்வளவு பெருமையோடு ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை.

"ஓம் மாமி" என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தட்டினார். பிறகு கம்பியை என் கையில் தந்தார்.

"அப்ப வாச்சர் அண்ணையை ஒருக்கால் போய்ப் பார் மோனை. அவருக்கு இப்பவும் வலது காலிலை செருப்புப் போடேலாது. நான் மாசாமாசம் போறனான், அது என்ரை பங்குக்கு. உன்ரை பங்கு அப்பிடியே கிடக்கு."

நாளைக்குப் போவதாக இருக்கிறேன். கதவைத் திறந்ததும் அவரிடம் என்ன சொல்வதென்று இன்னும் பிடிபடவில்லை. கம்பியைப் பையில் வைத்தேன், வெளியே எடுத்தேன், திரும்பவும் வைத்திருக்கிறேன்.