கீறல் விழாத பூட்டு

அந்தக் கடைவீதியில் பூட்டுக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு, மீதியெல்லாம் கைப்பாடம். பட்டம் வாங்கியவர்களும் சாவியைத் தொலைத்துவிட்டு அவர் முன்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார்கள். அப்படித் தலைநிமிர்ந்து வாழ்ந்தவரின் கடை வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"பெரியவரே, உங்களைக் கைது பண்றோம்," என்றார் பெண் எஸ்.ஐ. "பின் தெருவுல ஒரு வீட்டுல நகை திருட்டு. பூட்டு உடையல, கதவு மட்டும் திறந்திருக்கு. வாசல்ல உங்க சைக்கிளைப் பார்த்தவங்க இருக்காங்க. நீங்க வக்கீல் வெச்சுக்கலாம். அதுவரைக்கும் எதுவும் பேசணும்னு கட்டாயமில்ல."

கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தார். எந்த ஸ்டேஷன் என்று கேட்டுக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார்.

"நான் வக்கீலம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். வாயைக் கட்டிக்கிட்டு இருங்க. உங்க பெருமையைக் கேக்க அங்க யாரும் உக்காந்திருக்கல."

ஸ்டேஷன் பெஞ்சில் அவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஏட்டு யாரிடமோ சாதாரணமாகச் சொன்னார்: "எவனோ கத்துக்குட்டி வேலை. குருட்டாம்போக்குல கம்பியை விட்டு ஆட்டியிருக்கான்."

பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது.

"கத்துக்குட்டியா? அதுல ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம். ரெண்டே கம்பி. பூட்டுக்கே தெரியாம திறந்தேன்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் பூட்டுக்காரருக்கு உறைத்தது.

சற்று நேரத்தில் மனைவியோடு வந்த வக்கீலம்மா அவரைத் தனியாக உட்காரவைத்தார். "திறந்தது மட்டும் குற்றமாகாது ஐயா. திருடத்தான்னு தெரிஞ்சே திறந்தீங்கன்னு அவங்கதான் நிரூபிக்கணும். யார் கூப்பிட்டது?"

"டிப்டாப்பா ஒருத்தர். என் வீடு, சாவி தொலைஞ்சுபோச்சுன்னார்."

"அவர் வீடுதானான்னு பக்கத்துல கேட்டீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்காமல் பூட்டில் கை வைப்பதில்லை என்பது அவர் தொழில் வழக்கம். ஆனால் அன்று?

"'இது வெளிநாட்டுப் பூட்டு, உங்களால முடியாது, விடுங்க'ன்னு சொல்லிட்டாரும்மா."

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "ரோஷம் வந்துடுச்சாக்கும்."

மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். யாராவது அடித்தார்களா என்று கேட்டார் அவர். இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமா?

"அவர் வீடுன்னு நம்பிட்டேங்க. விசாரிச்சிருக்கணும், விசாரிக்கல." திருடன் என்ற பேரைவிட, தொழிலில் தவறினேன் என்று நாலு பேர் முன்னால் சொல்வதுதான் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஜாமீன் கிடைத்தது. வழக்கு முடியவில்லை. அந்த டிப்டாப் ஆசாமியும் அகப்படவில்லை.

இருவரும் தெருவுக்குள் நுழைந்தார்கள். எதிர்வீட்டுக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. இவர் கடையில் வாங்கியதல்ல.

"பார்க்காதீங்க, வாங்க," என்றார் மனைவி.

மட்டரகப் பூட்டு. ஊசியை வைத்தே திறந்துவிடலாம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.